இரண்டாம் சுற்றில் கிடைத்த மீன்கள்

"மீன் பிடிப்பது களப்பணியாளர் வேலை. இதில் ஆய்வு எங்கே இருக்கிறது?"

முனைவர் பட்டத்துக்கான ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் கூட்டம் ஒன்றில் ஒரு மூத்த பேராசிரியர் இப்படிக் கேட்டார். எதிரே நின்ற மாணவி அப்போதுதான் தன் திட்டத்தை விளக்கி முடித்திருந்தார். சிறு ஓடைகளில் மின்சாரம் பாய்ச்சி மீன்களைக் கணக்கெடுக்கும்போது எந்த மீன் தப்புகிறது, ஏன் தப்புகிறது என்பதுதான் அவர் ஆராய விரும்பியது. புதிய மீன் இனம் எதுவும் அதில் இல்லை, மரபணு வரிசையும் இல்லை. பேராசிரியர் கோபமாகப் பேசவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. கோபத்தில் சொன்ன சொல்லாக இருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

நன்னீர் மீன்களைப் பற்றி மேற்படிப்பில் ஆய்வு செய்ய விரும்பும் இளைஞர்கள் என்னிடம் வரும்போது, அவர்களில் பலரும் இதே எண்ணத்தோடுதான் வருகிறார்கள். எந்த ஆறு, எந்த மீன், எந்த ஆய்வகம் என்று கேட்கிறார்கள். எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்பவர் அரிது. வலை வீசினால் மீன் வரும், எண்ணினால் எண்ணிக்கை வரும், அதற்குப் பிறகு கணினி முன்னால் உட்காரும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றிக் கிடக்கிறது. எனக்கு நேர்மாறான கருத்து. தண்ணீருக்குள் இருப்பதை நாம் பார்ப்பதில்லை. நம் கருவி மேலே கொண்டு வருவதை மட்டுமே பார்க்கிறோம். கருவி எதை விட்டுவிடுகிறது என்று தெரியாதவரை, கையில் இருக்கும் எண் ஆற்றைப் பற்றிச் சொல்கிறதா, வலையைப் பற்றிச் சொல்கிறதா என்று பிரித்தறிய முடியாது.

மீனின் செவுளைச் சிக்கவைத்துப் பிடிக்கும் செவுள் வலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கண்ணி அளவுள்ள வலை ஓர் அளவு மீனைத்தான் பிடிக்கும். சிறியது நுழைந்து போய்விடும், பெரியது மூக்கை இடித்துக்கொண்டு திரும்பிவிடும். இதை உணர்ந்துதான் வடக்கு ஐரோப்பிய நாடுகளில் பல கண்ணி வலையை வடிவமைத்தார்கள். இப்போது அதுதான் ஐரோப்பிய ஏரிகளுக்கான பொதுத் தரம். நீளம் 30 மீட்டர், உயரம் 1.5 மீட்டர். அதில் 2.5 மீட்டர் அகலமுள்ள 12 துண்டுகள். கண்ணி 5 மில்லிமீட்டரில் தொடங்கி 55 மில்லிமீட்டரில் முடிகிறது. ஒவ்வோர் அளவும் முந்தையதைப் போல ஏறத்தாழ 1.25 மடங்கு. துண்டுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தாமல் கலைத்துப் போட்டுத் தைத்திருப்பார்கள். இவ்வளவு யோசித்துச் செய்த வலையிலும் சின்னஞ்சிறு மீன்கள் குறைவாகவே சிக்குகின்றன. மேலும் இது காத்திருக்கும் வலை. நீந்தி வந்து மோதும் மீனைத்தான் பிடிக்கும். நாணலுக்குள் அசையாமல் நின்று இரைக்குக் காத்திருக்கும் வேட்டை மீன் ஏரியில் எத்தனை இருந்தாலும் வலையின் கணக்கில் குறைவாகத்தான் தெரியும். அந்த 12 அளவுகளைத் தேர்ந்தெடுத்தது ஆய்வு இல்லையென்றால் வேறு எதை ஆய்வு என்பது?

ஓடையில் நடந்தது

அந்த மாணவியின் திட்டம் எப்படியோ அனுமதி பெற்றது. முதல் பருவத்தில் ஒருநாள் அவருடைய குழுவோடு நானும் சென்றேன். ஓடை அகலம் குறைவானது. ஆழமான இடத்திலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தடுப்பு வலைகளைக் குறுக்கே கட்டினார்கள். வலையின் அடிக்கயிறு தரையோடு ஒட்டியிருக்க அதன்மேல் கற்களை அடுக்கினார்கள். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் மாணவி குனிந்து இன்னொரு கல்லை வைத்தார். அடைபட்ட பகுதிக்குள் மீன் வரவும் கூடாது, போகவும் கூடாது. கணக்கு முழுவதும் அந்த ஒரு நிபந்தனையின்மேல்தான் நிற்கிறது.

கணக்கு எளிமையானது. ஒரு சுற்று நடந்து பிடித்த மீன்களைத் தனியே வைத்துவிட்டு, அதே உழைப்போடு இரண்டாவது சுற்று நடக்க வேண்டும். முதல் சுற்றில் 60, இரண்டாவதில் 24 கிடைத்தால், முதல் எண்ணின் வர்க்கத்தை இரண்டு எண்களின் வித்தியாசத்தால் வகுக்கிறோம். 3600-ஐ 36-ஆல் வகுத்தால் 100. ஓடையில் முதலில் இருந்தவை 100 மீன்கள் என்று கொள்கிறோம். ஸெபர், லெ கிரென் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1967-இல் எழுதிய சூத்திரம் இது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுற்றுகளுக்கான கணக்கை மோரனும் ஸிப்பினும் 1950-களிலேயே போட்டுவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஊகம்தான்: ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் பிடிபடும் வாய்ப்பு ஒரே அளவு உள்ளது.

முதுகில் மின்கருவியைச் சுமந்தவர் முன்னே நடந்தார். நீண்ட கோலின் முனையில் இருந்த வளையம் தண்ணீருக்குள் போனதும் கருவி விட்டுவிட்டு ஒலித்தது. துடிப்பாகப் பாயும் நேர்மின்சாரம் மீனின் தசையை இயக்கி அதை அந்த வளையத்தை நோக்கியே நீந்தச் செய்யும். பார்ப்பதற்கு வியப்பான காட்சி. ஓடிப்போக வேண்டிய மீன் திரும்பி நம்மை நோக்கி வரும். அருகில் வந்ததும் பக்கவாட்டில் சாய்ந்து வெளிறிய வயிற்றைக் காட்டும். இருபுறமும் கைவலையோடு வந்தவர்கள் அள்ளிக் காற்றுக் குழாய் பொருத்திய வாளியில் போட்டார்கள். சில நொடிகளில் மீன் நிமிர்ந்து நீந்தத் தொடங்கிவிடும். கையை நனைக்காமல் மீனைத் தொடக் கூடாது என்பது அங்கே முதல் விதி. உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பான படலத்தை உரித்துவிடும். அதன்பிறகு நோய்க்குக் கதவு திறந்ததுபோல் ஆகிவிடும்.

முதல் சுற்று முடிந்தது. அடுத்த சுற்றில் எண்ணிக்கை பாதியாகக் குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். கூடியது. நடுநீரில் நீந்தும் மீன்கள் எதிர்பார்த்தபடியே குறைந்திருந்தன. அடித்தரையில் கல்லோடு கல்லாக ஒட்டி வாழும் மீன்களோ முதல் சுற்றைவிட இரண்டாவதில் அதிகமாகக் கிடைத்தன. சூத்திரத்தில் அந்த எண்களைப் போட்டால் வகுக்கும் எண் எதிர்மறையாகிறது. ஓடையில் இருக்கும் மீன்களின் எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்கும் கீழே என்று விடை வருகிறது.

இப்படி நேர்ந்தால் அந்த இடத்தின் தரவைக் கெட்டுப்போனது என்று குறித்துவிட்டு அடுத்த ஓடைக்குப் போவதுதான் பலர் வழக்கம். குழுவில் ஒருவர் அதைத்தான் சொன்னார். மாணவி வாளியின் அருகே உட்கார்ந்து அந்தச் சிறு மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். குழுவில் மூத்த களப்பணியாளர் ஒருவர் இருந்தார், பட்டம் ஏதும் இல்லாதவர், ஆனால் ஓடைகளிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அவர் சொன்னார்: "முதல் சுற்றில் மேலே வந்ததை அள்ளினோம். இரண்டாவது சுற்றில் கல்லுக்குப் பின்னால் வலையை வைத்தோம். பாருங்கள், இந்த மீன் மிதக்காது. மயங்கினாலும் கல்லிடுக்கிலேயே கிடக்கும்."

அவர் சொன்னது உயிரியல். அடித்தரையில் வாழும் மீன் குழுக்கள் பலவற்றுக்கு மிதக்க உதவும் காற்றுப்பை கிடையாது; வட அமெரிக்க, ஐரோப்பிய ஓடைகளில் வாழும் ஸ்கல்பின் மீன்கள் நல்ல உதாரணம். மின்சாரம் பட்டு உணர்விழந்தால் அவை மேலெழுவதில்லை. தண்ணீரின் பளபளப்பில் கண்ணுக்கும் தெரிவதில்லை. முதல் சுற்றின் நடமாட்டம் கற்களைச் சற்றே பெயர்த்திருக்கிறது. அதைவிட முக்கியமாக, முதல் சுற்றில் சில மீன்கள் தப்பியதைக் கண்ட பணியாளர்களின் கை தானாகவே வேறு விதமாக வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. பிடிபடும் வாய்ப்பு மாறியிருக்கிறது; மாற்றியவர்கள் நாம். மாணவி களத்தாளின் ஓரத்தில் அந்தப் பெரியவரின் வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு, அடுத்த இடத்திலிருந்து ஒவ்வொரு மீனின் நேரேயும் அதை அள்ளியவர் யார் என்று எழுதும் ஒரு புதிய கட்டத்தைத் தாளில் போட்டார்.

அந்த ஓரக் குறிப்பிலிருந்துதான் அவருடைய ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயம் பிறந்தது. முன்கூட்டியே மீன்களைப் பிடித்து, துடுப்பில் சிறு அடையாளமிட்டு, அடைத்த பகுதிக்குள் விட்டு, அவை ஓய்வெடுக்க நேரம் கொடுத்து, பிறகு வழக்கமான சுற்றுகளை நடத்தினார். உள்ளே எத்தனை அடையாள மீன்கள் இருக்கின்றன என்பது தெரிந்திருப்பதால், கருவி எத்தனையைத் தவறவிட்டது என்பதும் தெரிந்துவிடும். ஓடைகளில் வாழும் டிரவுட் மீன்களில் இதே வழியில் செய்த ஆய்வுகள் ஒரு சங்கடமான உண்மையை ஏற்கெனவே காட்டியிருக்கின்றன: எளிதில் சிக்குபவை முதலில் சிக்கிவிடுகின்றன, மிஞ்சியவை பிடிபட மறுக்கின்றன, சூத்திரம் அதை மீன் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓடையில் 100 மீன்கள். 60 எளிதில் சிக்குபவை, 40 ஒளிந்திருப்பவை. முதல் சுற்றில் 48, இரண்டாவதில் 10 கிடைக்கின்றன. சூத்திரம் ஏறத்தாழ 61 என்று சொல்லும். ஒளிந்திருக்கும் 40-ம் அதன் பார்வையில் இல்லவே இல்லை. இரண்டாம் சுற்றில் எண்ணிக்கை கூடினால் தவறு கண்ணில் படும். இப்படி அழகாகக் குறைந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எனக்குப் பயம் இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

வெறும் வலையின் மதிப்பு

இல்லாததைப் பதிவு செய்வது இன்னும் கடினமானது. சீனாவின் யாங்ட்சி ஆற்றில் வாழ்ந்த துடுப்பு மீன் கடைசியாக 2003 ஜனவரியில் தற்செயலாக வலையில் சிக்கியது. அதன் உடலில் கண்காணிப்புக் கருவி பொருத்தி ஆற்றில் விட்டார்கள். சில மணி நேரத்தில் தொடர்பு அறுந்தது. அதன்பிறகு யாரும் அந்த மீனைப் பார்க்கவில்லை. 2017-18-இல் ஆற்றுப்படுகை முழுவதும் நடந்த கணக்கெடுப்பில் 332 மீன் இனங்கள் கிடைத்தன. துடுப்பு மீன் இல்லை. பழைய பதிவுகளையும் இந்தக் கணக்கெடுப்பையும் சேர்த்து வைத்து, அது 2005-க்கும் 2010-க்கும் இடையே அழிந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2022-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அந்த இனம் அழிந்துவிட்டதாக அறிவித்தது. ஏழு மீட்டர் நீளம் வளரும் என்று சொல்லப்பட்ட ஒரு மீன் இல்லை என்று துணிந்து சொல்வதற்கே இத்தனை வலைகள் வெறுமையாகத் திரும்ப வேண்டியிருந்தது. அந்த வெறுமையை யாரோ இடம், நேரம், வலை அளவோடு எழுதி வைத்திருக்க வேண்டியிருந்தது. விரல் நீளமுள்ள ஒரு மீன் காணாமல் போனால் என்ன ஆகும்?

ஒரு முறை போனால் பத்துக்கு மூன்று வாய்ப்பில் மட்டுமே கண்ணில் படும் மீன் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை போயும் அதைக் காணாமல் திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு 34. ஒன்பது முறை போனால்தான் அது நூற்றுக்கு நான்காகக் குறையும். மூன்று முறை போய்விட்டு "இந்த ஓடையில் அந்த இனம் இல்லை" என்று எழுதும் அறிக்கைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அந்த வரியை நம்பி அணை கட்டவும் மணல் அள்ளவும் அனுமதி கொடுக்கிறார்கள்.

ஆகவே, ஆய்வு மாணவர் இடத்துக்கான அறிவிப்பு ஒன்றைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது மீனின் பெயரை இல்லை. அந்த ஆய்வகத்தின் பழைய களத்தாள் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள் என்று விண்ணப்பிப்பவர்களிடம் சொல்கிறேன். மீன் கிடைக்காத நாள்கள் அதில் இருக்கின்றனவா? வலை எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை மணிக்கு ஏறியது, தண்ணீரின் மின்கடத்துதிறன் என்ன, கலங்கலா, தெளிவா, யார் யார் வேலை செய்தார்கள் என்பது இருக்கிறதா? இடங்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? பாலத்துக்கு அருகே வண்டியை நிறுத்த வசதி இருந்ததால் அங்கேயே ஆண்டுக்கு ஆண்டு வலை போட்டிருந்தால், அவர்களிடம் இருப்பது பாலத்தடி மீன்களின் வரலாறு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் ஆறு, ஓடைக் கணக்கெடுப்பில் இடங்களைக் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஓடை அகலத்தைப் போல 40 மடங்கு நீளத்துக்கு மாதிரி எடுக்கிறார்கள். ஆழமான மடுவும், சீரான ஓட்டமும், கற்கள்மேல் சலசலக்கும் ஆழமற்ற பகுதியும் எல்லாமே அந்த நீளத்துக்குள் வந்துவிட வேண்டும் என்பதற்காக. இப்படிக் காரணத்தோடு பதில் சொல்லும் நெறியாளரிடம் சேருங்கள். சாதாரண மீனாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். சம்பளம் உண்டா? "அனுபவம் கிடைக்கும்" என்று சொல்லிப் பருவம் முழுவதும் இலவசமாக வேலை வாங்கும் அறிவிப்புகள் இந்தத் துறையில் இன்னும் வருகின்றன. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வீட்டில் பணம் உள்ளவர்கள் மட்டுமே ஆற்றில் இறங்க முடியும் என்று ஆகிவிட்டால், ஆற்றங்கரையில் வளர்ந்த பிள்ளைகள் இந்தத் துறைக்குள் வரவே முடியாது. தண்ணீருக்குள் மின்சாரத்தோடு நடக்கும் வேலை இது. பயிற்சி தர வேண்டும், ரப்பர் கையுறையும் கசியாத காலுறையும் தர வேண்டும், கருவியைச் சுமப்பவர் தடுக்கி விழுந்தால் மின்சாரம் தானே நிற்க வேண்டும், யாரையும் தனியாக அனுப்பக் கூடாது. இவற்றைக் கேட்டால் முகம் சுளிக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். அதேபோல, மீன் பிடிக்கும் அனுமதியும் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கையில் இருக்கின்றனவா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். இரண்டு ஆண்டு முதுகலை ஆய்வில் களப் பருவங்கள் இரண்டுதான். அனுமதிக்காகக் காத்திருந்து முதல் பருவம் போய்விட்டால் பாதி ஆய்வு போயிற்று.

காத்திருக்கும் தரவுகள்

களத்தில் இறங்க முடியாதவர்களுக்கும் இடம் உண்டு என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் பெர்ச், பைக் மீன்களை 1940-களிலிருந்து இடைவிடாமல் கணக்கெடுத்து வருகிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் ஆற்றில் மின்சாரம் பாய்ச்சி நடத்தும் கணக்கெடுப்பு 1957-இல் தொடங்கியது. கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் 1968-இலிருந்து இயங்குகின்றன. அங்கே ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை மிகச் சிறிய அளவில் கலந்தார்கள். ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனின் கூட்டம் ஏறத்தாழ முழுவதுமாகச் சரிந்தது. அந்தச் சரிவை நம்பக் காரணம், கலப்பதற்கு முந்தைய ஆண்டுகளிலும் பக்கத்து ஏரிகளிலும் அதே பொறி, அதே முறை, அதே பருவத்தில் யாரோ சலிக்காமல் எண்ணியிருந்தார்கள். இப்படிப்பட்ட நெடுங்காலப் பதிவுகளில் கேட்கப்படாத கேள்விகள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. வலை மாறிய ஆண்டில் மீன் எண்ணிக்கை ஏன் துள்ளியது என்பதே ஒரு முதுகலை ஆய்வுக்குப் போதும்.

இனி வலையே வேண்டாம், ஒரு குடுவைத் தண்ணீர் போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நீரில் கலந்திருக்கும் டி.என்.ஏ.வைக் கொண்டு உயிரினத்தைக் கண்டறியலாம் என்பதை 2008-இல் பிரான்ஸில் தவளைகளை வைத்துக் காட்டினார்கள். 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பல மீன் இனங்களை ஒரே சோதனையில் அடையாளம் காணும் வழியைக் கொடுத்தார்கள். நான் இதை மனதார வரவேற்கிறேன். மீன் சாகாது, கல்லுக்குள் ஒளிந்ததும் தெரியும். ஆனால் அந்த டி.என்.ஏ. எத்தனை கிலோமீட்டர் மேலிருந்து மிதந்து வந்தது, அதை விட்டுப்போன மீன் குஞ்சா கிழமா என்பதைக் குடுவை சொல்லாது. வட அமெரிக்காவின் பிக்மவுத் பஃபலோ மீன் இருபத்தைந்து ஆண்டு சொச்சம் வாழும் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 2019-இல் வெளியான ஆய்வு, மீனின் காதுக்குள் ஆண்டுக்கு ஒரு வளையமாக வளரும் செவிக்கல்லை மெல்லிய தகடாக அறுத்து வளையங்களை எண்ணி, ஒரு மீனுக்கு 112 வயது என்று காட்டியது. பெரும்பாலானவை கிழட்டு மீன்கள், இளையவை ஏறக்குறைய இல்லை என்ற அபாயமும் அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கல்லை எடுக்க மீன் கையில் இருந்தாக வேண்டும்.

பல நிறுவனங்கள் இப்போது செவுள் வலையைக் குறைத்து நீர் மாதிரிக்கு மாறத் தொடங்கியிருக்கின்றன. மாறட்டும். ஆனால் பழைய முறையின் எண்ணும் புதிய முறையின் எண்ணும் எப்படி ஒத்துப்போகின்றன என்று பார்க்காமல் மாறினால், பல பத்தாண்டுப் பதிவுகள் அந்த ஆண்டோடு அறுந்துவிடும். இரண்டையும் ஒரே ஏரியில், ஒரே வாரத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்; அதைப் பல ஏரிகளில், பல பருவங்களில் செய்ய வேண்டும். வலையை எங்கே, எப்படிப் போட வேண்டும் என்று தெரிந்த மூத்த பணியாளர்கள் ஓய்வு பெறுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. இப்படி ஓர் ஆய்வுக்கு உதவித்தொகையோடு அறிவிப்பு வந்தால், வேறு எந்த ஆற்றின் எந்த அரிய மீனையும் விட்டுவிட்டு அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லித்தான் நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.